ஃபோனைப் பூட்டி வைத்த பிறகும்: ஜெபமும் அலைகிற மனசும், 1600 வருஷக் கதை

(எங்கள் பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம் இது. வாசிக்க வசதியாகச் சில இடங்களில் திருத்தியிருக்கிறோம்.)

இன்றைய எபிசோடை என்னைப் பற்றிய ஒரு சின்ன ஒப்புதலோடு ஆரம்பிக்கிறேன்.

போன லெந்து காலத்தில் ஒரு தீர்மானம் எடுத்தேன். 40 நாளும் காலை ஜெபம் முடிகிற வரைக்கும் ஃபோனைத் தொடுவதில்லை. சும்மா சைலன்ட்டில் போட்டால் பத்தாது, என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? அதனால் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சமையலறையில் அரிசி டப்பா மேல் போட்டுவிட்டு வந்து, கட்டில் ஓரமாக முழங்கால் போட்டேன். வீடு அமைதியாக இருந்தது. பக்கத்து ஃபிளாட் குக்கர்கூட இன்னும் விசில் அடிக்கவில்லை. கண்ணை மூடினேன்.

ஒரு நிமிஷம் இருக்குமா? மெட்ரோ கார்டில் பணம் இருக்கா. கரன்ட் பில் கட்டியாச்சா. நேற்று மீட்டிங்கில் நான் சொன்னதை அவங்க தப்பா எடுத்துக்கிட்டாங்களோ. கடைசியாக, எப்பவும் போல, என் அண்ணன் முகம். அப்பா போன பிறகு வீட்டுப் பத்திரம் விஷயத்தில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. அதோடு பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் அவர்தான் வந்து நிற்கிறார். அவரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் மனசுக்குள் வக்கீல் மாதிரி வாதாடி முடித்து, ஆமென் சொல்லி எழுந்துவிடுவேன்.

ஃபோனோ பூட்டின பீரோவுக்குள் கிடக்கிறது. அப்போ யார் மேல் பழி போடுவது?

இந்தக் கடுப்பில்தான் பழைய ஆட்களைத் தேடிப் போனேன். ஃபோன் இல்லாத, டிவி இல்லாத, பக்கத்து வீடுகூட இல்லாத ஆட்கள். நான்காம் நூற்றாண்டு எகிப்து. நைல் டெல்டாவுக்கு மேற்கே பாலைவனத்தில் கெல்லியா என்று ஒரு இடம். கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கு 'அறைகள்' என்று அர்த்தம். ஒரு அறைக்கும் இன்னொரு அறைக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டுக் கட்டியிருந்தார்கள், ஒருவர் சத்தம் இன்னொருவருக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக. வாரம் முழுக்கத் தனிமை. சனி, ஞாயிறு மட்டும் ஆராதனைக்கும் சாப்பாட்டுக்கும் கூடுவார்கள். கவனம் சிதற வாய்ப்பே இல்லாத இடம் என்று நாம் நினைப்போம், இல்லையா?

அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர் எவக்ரியுஸ். கருங்கடல் பக்கத்து பொந்து நாட்டுக்காரர். கான்ஸ்டான்டினோப்பிள் நகரத்தில் டீக்கன், நல்ல பேச்சாளர், வாதத்தில் கெட்டிக்காரர், அதாவது நம்மைப் போல சிட்டி ஆள். பெரிய இடத்துத் திருமணமான ஒரு பெண் மேல் காதல் வந்து, விவகாரமாகிவிடும் என்று பயந்து ஊரைவிட்டே ஓடியவர். எருசலேம் வழியாகச் சுற்றி, கி.பி. 383 வாக்கில் எகிப்துக்கு வந்தார். 399-ல் சாகிற வரைக்கும் அந்தப் பாலைவனத்திலேயே இருந்தார். புத்தகங்களைக் கையால் பிரதி எடுத்துக் கொடுத்து வயிற்றைக் கழுவினார்.

தன் அறையில் உட்கார்ந்தபடி அவர் செய்த இன்னொரு வேலைதான் நமக்கு முக்கியம். தன் மனசு எங்கே எல்லாம் போகிறது என்று கவனித்து எழுதினார். சரித்திரத்தில் இவ்வளவு பொறுமையாக இதைச் செய்தவர்கள் ரொம்பக் குறைவு. மத்தியான நேரத்தில் வரும் சலிப்பைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலை 10 மணியிலிருந்து 2 மணி வரைக்கும் அது துறவியைப் பிடிக்குமாம். சூரியன் நகரவே நகராது. ஒரு நாளுக்கு 50 மணி நேரம் இருக்கிற மாதிரித் தோன்றும். ஆள் ஜன்னலையே பார்ப்பார். வெளியே வந்து, சாப்பாட்டு நேரமான 3 மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெயிலைப் பார்ப்பார். யாராவது சகோதரர் வருகிறாரா என்று இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார். நோட்டிஃபிகேஷன் வந்திருக்கா என்று நாம் திரையைத் தட்டிப் பார்க்கிறோமே, அதே கழுத்து, அதே திருப்பம். அப்புறம் அந்த இடத்தின் மேலேயே வெறுப்பு வரும். இங்கே யாருக்கும் என் மேல் அன்பு இல்லை என்று தோன்றும். அந்தச் சமயம் பார்த்து, சமீபத்தில் மனதைப் புண்படுத்தின ஆள் யாராவது இருந்தால், அந்த நினைப்பும் கூடவே வந்து எண்ணெய் ஊற்றும்.

ஜெபத்தைப் பற்றி மட்டும் அவர் தனியாக ஒரு நூல் எழுதினார். 153 சின்னச் சின்னக் குறிப்புகள். யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் வலையில் சிக்கின மீன்களின் எண்ணிக்கை அது. அந்தக் குறிப்புகளில் ஒன்றில், ஜெபிக்கிறவனுக்கு முன்னால் ஞாபகம் கொண்டுவந்து வைக்கிறவற்றை மூன்றாகச் சொல்கிறார்: பழைய நினைவுகள், புதிய கவலைகள், உன்னை வருத்தப்படுத்தின ஒருவருடைய முகம்.

மெட்ரோ கார்டும் கரன்ட் பில்லும் புதிய கவலை. மூன்றாவது என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. 1600 வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒருவர் என் கட்டில் ஓரம் நின்று பார்த்து எழுதின மாதிரி இருந்தது.

எவக்ரியுஸைப் பொறுத்தவரை மூன்றும் சமமான பிரச்சினை இல்லை. கோபம்தான் ஜெபத்துக்கு முதல் எதிரி என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். மனக்கசப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஜெபிக்கிறவன், தண்ணீர் இறைத்து ஓட்டைக் குடத்தில் ஊற்றுகிறவன் மாதிரி என்பது அவர் கருத்து. அப்போது இதை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். வசதியாக இருக்காது, அதான்.

அதே காலத்தில் யோவான் காசியன் என்ற இளைஞரும் அவருடைய நண்பர் ஜெர்மானுஸும் எகிப்தின் துறவிகளைத் தேடித் தேடிப் போய்ப் பேசினார்கள். இன்றைக்கு என்றால் இண்டர்வியூ சீரிஸ் என்று சொல்லலாம். ரொம்ப நாள் கழித்து, 420-களில், இன்றைய பிரான்ஸின் மார்சேய் நகரத்தில் இருந்து காசியன் அதை எல்லாம் புத்தகமாக்கினார். அதில் ஈசாக்கு என்ற பெரியவரோடு நடக்கிற உரையாடலில் ஜெர்மானுஸ் ஒரு புகார் வைக்கிறார். அவர் மனசு அலைவது கடன், பில் போன்ற விஷயங்களுக்கு இல்லை. ஒரு சங்கீதத்தைச் சொல்ல ஆரம்பித்தால் அதில் ஒரு வார்த்தை இன்னொரு சங்கீதத்தை ஞாபகப்படுத்துகிறதாம். அங்கிருந்து சுவிசேஷம், அங்கிருந்து நிருபம். குடித்தவன் நடக்கிற மாதிரி மனசு வேதத்துக்குள்ளேயே தள்ளாடுகிறது, எதிலும் நிற்பதில்லை. ஒரு லிங்க்கைத் தொட்டு இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று ராத்திரி ஒரு மணிக்கு முழித்துக்கொண்டிருக்கிறோமே, அவர் அதை மனப்பாடமாகவே செய்திருக்கிறார்.

ஈசாக்கு கொடுத்த மருந்து ஒரே ஒரு வரி. 70-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். தேவனே, எனக்கு உதவி செய்ய சீக்கிரம் வாரும் என்று கூப்பிடுகிற வரி அது. வேறு எதுவும் வேண்டாம், இதையே பிடித்துக்கொள் என்கிறார். அதோடு விடவில்லை. பசிக்கும்போது, சாப்பாடு இறங்காதபோது, வாசிக்க உட்கார்ந்தால் தலை வலிக்கும்போது, தூக்கம் வராதபோது, கோபம் வரும்போது, நல்லா ஜெபித்துவிட்டோம் என்று பெருமை வரும்போது, எல்லாவற்றுக்கும் இதே வரி. தூங்கப் போகும்போதும் அது, எழும்போதும் அது. அந்தப் பகுதி பக்கம் பக்கமாக நீளும். எடிட்டர் இருந்திருந்தால் வெட்டியிருப்பார். வெட்டாதது நல்லதாகப் போச்சு.

இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தன் மடத்துக்கு விதிநூல் எழுதினார். காசியனை அவருக்கு ரொம்பப் பிடிக்கும், தன் துறவிகளுக்கு அவரை வாசித்துக் காட்டச் சொன்னவர். அதே வசனத்தை ஒவ்வொரு ஜெப வேளையின் தொடக்கத்திலும் சொல்ல வேண்டும் என்று வைத்தார். பகலில் ஏழு வேளை, ராத்திரி ஒரு வேளை. அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவி, மடத்துக்கு வெளியே இருந்த குருமார்களும் அன்றாடம் முணுமுணுக்கிற வரியாக ஆனது. நூறு வருஷம், ஐநூறு வருஷம், ஆயிரம் வருஷம். மனசைக் கட்டிப்போட ஒரு கயிறாக வந்தது, போகப் போக வாய் தானாகச் சொல்கிற ஒன்றாக மாறிவிட்டது. அரைத்தூக்கத்தில் பாஸ்வேர்டு போடுகிறோமே, அந்த மாதிரி.

இப்போ ஜெர்மனிக்கு வருவோம். மார்ட்டின் லூத்தர் 1505-ல் எர்ஃபர்ட் நகரத்தில் அகுஸ்தீன் சபை மடத்தில் சேர்ந்தவர். அவருக்கும் இந்த வேளை ஜெபங்கள் கட்டாயம். ஆனால் பாடம் எடுப்பது, பிரசங்கம், எழுத்து என்று வேலை தலைக்கு மேல் போனது. அதனால் சொல்ல வேண்டிய ஜெபங்களைச் சேர்த்து வைத்து, வாரக் கடைசியில் அறையைப் பூட்டிக்கொண்டு, சாப்பிடாமல் தண்ணீர் குடிக்காமல் மொத்தமாகச் சொல்லித் தீர்ப்பாராம். பென்டிங் வேலை மாதிரி. பின்னாளில் சாப்பாட்டு மேசையில் அவரே சொன்ன கதை இது. தலை சுற்றி, தூக்கம் கெட்டு, பாக்கி மாசக்கணக்கில் சேர்ந்து, ஒரு கட்டத்தில் இனி முடியாது என்று விட்டுவிட்டார். விளையாட்டாகச் சொன்னாலும், அதைச் சொல்கிறவர் ஜெபத்தில் தோற்ற அனுபவம் உள்ளவர்.

அதனால்தான் 1535-ன் தொடக்கத்தில் அவர் எழுதின சின்னப் புத்தகம் எனக்குப் பெரிய புத்தகங்களைவிட முக்கியமாகப் படுகிறது. விட்டன்பர்க் நகரத்தில் அவருக்கு முடி வெட்டி சவரம் செய்கிறவர் பீட்டர் பெஸ்கென்டார்ஃப். பழைய நண்பர். அவர் லூத்தரிடம், எப்படி ஜெபிப்பது என்று ஒரு சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்று கேட்டார். பதிலாக வந்ததுதான் அந்தப் புத்தகம், ஜெபிக்க ஒரு எளிய வழி என்று தலைப்பு. கடிதம் மாதிரி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆரம்பிக்கும். வேதாகமத்தை மொழிபெயர்த்தவர், போப்போடு மோதியவர், முகச்சவரம் செய்கிறவர் கேட்டார் என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அந்தக் காட்சியே எனக்குப் பிடிக்கும்.

எடுத்த எடுப்பிலேயே தனக்கும் ஜெபத்தில் மனசு சில்லிட்டுப் போவதுண்டு என்று ஒத்துக்கொள்கிறார். இன்னும் ஒரு மணி நேரம் கழித்து ஜெபிக்கலாம், முதலில் இந்த ஒரு வேலையை முடித்துவிடலாம் என்று ஒரு குரல் சொல்லும், அதை நம்பாதே என்கிறார். ஒரு வேலை இன்னொரு வேலையை இழுத்துக்கொண்டு வரும், அன்றைக்கு ஜெபம் அவ்வளவுதான்.

பிறகு ஒரு பாதிரியாரின் ஜெபத்தை நடித்துக் காட்டுகிறார். பாதிரியார் லத்தீனில் ஒரு வரி சொல்வார். உடனே வேலைக்காரனைப் பார்த்து, குதிரையை அவிழ்த்தாயா என்பார். அடுத்த வரி. வேலைக்காரப் பெண்ணிடம், போய் மாட்டைக் கற என்பார். பிதாவுக்கும் குமாரனுக்கும் மகிமை சொல்லிக்கொண்டே பையனைத் திட்டுவார். தானும் போப்பின் சபையில் இருந்த நாளில் இப்படி எத்தனையோ ஜெபங்களை ஓட்டியதாக லூத்தர் சேர்த்துக்கொள்கிறார். அந்தப் பாதிரியார் குதிரைக்கும் மாட்டுக்கும் நடுவில் சொல்கிற லத்தீன் வரி எது தெரியுமா? 70-ஆம் சங்கீதம், முதல் வசனம். ஈசாக்கு கொடுத்த அதே மருந்து.

இதைக் கவனித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கவனச் சிதறலுக்கு என்று கண்டுபிடித்த வரி, ஆயிரம் வருஷம் கழித்து கவனச் சிதறலுக்கு உதாரணம்! நான் பீரோவில் ஃபோனைப் பூட்டினதும் இதே வகைதான். முதல் வாரம் அது ஜெபத்தின் பகுதியாக இருந்தது. மூன்றாவது வாரம் சாவியை எங்கே வைத்தேன் என்பது என் புதிய கவலை.

அடுத்து பீட்டருக்கே தெரிந்த உதாரணம். நல்ல முடிதிருத்துபவரின் கண்ணும் மனசும் கத்தியிலும் முடியிலும்தான் இருக்கும், எதுவரை சவரம் ஆயிற்று என்பதை அவர் மறக்க மாட்டார். ஊர்க்கதை பேசிக்கொண்டோ வேறெங்கோ பார்த்துக்கொண்டோ செய்தால் வாயையும் மூக்கையும், ஏன், தொண்டையையே அறுத்துவிடுவார். ஒரு வேலைக்கே முழு ஆள் வேண்டும் என்றால் ஜெபத்துக்கு வேண்டாமா? இந்த உதாரணத்தைப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன்.

வழிமுறை என்று அவர் கொடுப்பது புதுசு எதுவும் இல்லை. பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம். இவற்றில் ஒரு பகுதியை எடுத்து, அதிலிருந்து என்ன கற்றுக்கொள்கிறேன், எதற்கு நன்றி சொல்கிறேன், எதை அறிக்கை பண்ணுகிறேன், எதைக் கேட்கிறேன் என்று நான்கு இழையாகப் பின்னுவது. பூமாலை மாதிரி என்பார். ஆனால் ஓட்டப்பந்தயம் வேண்டாம் என்கிறார். கர்த்தருடைய ஜெபத்தின் ஏழு விண்ணப்பங்களில் ஒன்றிலேயே மனசு நின்று, அங்கே நல்ல எண்ணங்கள் ஊறினால், மற்ற ஆறையும் விட்டுவிடு. பேச்சை நிறுத்து, கேள். அங்கே பிரசங்கம் பண்ணுகிறவர் பரிசுத்த ஆவியானவர். அதாவது, மனசு போட்ட பாதையை விட்டு விலகுவதெல்லாம் கெட்டது என்று அவர் நினைக்கவில்லை. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

இங்கே நம்ம ஊர் ஒரு ஓரமாக வருகிறது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கின சீகன்பால்க் லூத்தரின் சின்ன ஞானோபதேசத்தைத் தமிழில் கொண்டுவந்தார். அதே பத்துக் கட்டளை, அதே விசுவாசப் பிரமாணம், அதே ஏழு விண்ணப்பங்கள். பொறையாறு பக்கத்து லுத்தரன் சபையில் வளர்ந்த என் பாட்டி அதை எனக்கு மனப்பாடம் பண்ண வைத்தார். தப்பாகச் சொன்னால் தொடையில் கிள்ளு. ஒரு முடிதிருத்துபவருக்குச் சொன்ன ஜெப வழியும் இதே வரிகள்தான் என்று பாட்டிக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் கிள்ளு குறைந்திருக்குமா என்பது வேற விஷயம்.

சரி, பீட்டரின் மீதிக் கதை. அதைப் பிரசங்கத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

புத்தகம் வந்து சில வாரங்கள்கூட நன்றாக ஆகவில்லை. 1535 மார்ச் 27, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. பீட்டர் தன் மகள் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். மருமகன் டீட்ரிச் ஒரு படைவீரன். கத்திக்குத்து தன்னை ஒன்றும் செய்யாது, அதற்கு எனக்கு வித்தை தெரியும் என்று அவன் பெருமையடித்தானாம். பீட்டர் கத்தியை எடுத்துக் குத்தினார். மருமகன் செத்துப்போனான்.

பீட்டருக்கு மரண தண்டனை வந்திருக்க வேண்டும். லூத்தர் உள்பட சிலர் அவருக்காகப் பேசினார்கள். உயிர் தப்பியது, ஆனால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார், சொத்தும் போனது. மீதி நாளை டெஸ்ஸாவ் நகரத்தில் கழித்தார். மகள் ஒரே ராத்திரியில் புருஷனையும் இழந்தாள், அப்பாவையும் இழந்தாள். நான் வாசித்த புத்தகங்களில் அவளைப் பற்றி அதற்கு மேல் ஒரு வரி கிடையாது.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? இவ்வளவு நல்ல புத்தகம் கையில் இருந்தும் இப்படியா என்று எனக்கு முதலில் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தினமும் அடுத்தவர் தொண்டையில் கத்தி வைத்து ஒரு கீறல் விழாமல் எடுக்கிற கை அது. கவனம் என்றால் என்ன என்று அந்த ஊரில் யாரைவிடவும் அவருக்குத் தெரியும். பொறுத்துப் பார்த்தால், பீட்டரின் பிரச்சினை கவனம் குறைந்ததாக எனக்குப் படவில்லை. அந்த மேசையில் அவர் கவனம் முழுக்க ஒரே முகத்தின் மேல் இருந்தது. பெருமையடிக்கிற மருமகனின் முகம். அப்போதுதான் எவக்ரியுஸிடம் நான் வேகமாகத் தாண்டின பக்கத்துக்குத் திரும்பிப் போனேன்.

அந்த மனிதர் இரண்டையும் பிரித்தே பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இத்தனை நாளும் அண்ணன் முகத்தை மெட்ரோ கார்டு லிஸ்ட்டில் சேர்த்து, அதையும் ஒரு தொந்தரவாகத் தள்ளிவிடப் பார்த்தேன். இன்னும் நல்லா கண்ணை மூடினால் போய்விடும், இன்னும் சீக்கிரம் எழுந்தால் போய்விடும் என்று. லூத்தர் பீட்டரிடம் சொன்னபடி பார்த்தால், மனசு நின்ற இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும்.

அதனால் இப்போது அதைத்தான் செய்கிறேன். கர்த்தருடைய ஜெபத்தை மெதுவாகச் சொல்லிக்கொண்டு போவேன். ஐந்தாவது விண்ணப்பம், மன்னிப்பு பற்றினது. அங்கே அண்ணன் வருவார். தள்ளுவதில்லை. சில நாள் வக்கீல் மறுபடி கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவார், அன்றைக்கு வாதாடிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். சில நாள் சும்மா இருக்க முடிகிறது. ஒரு நாள், வீட்டுப் பத்திரத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், நான் ஒன்பதாவது படிக்கும்போது அவர் என்னை சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து மழையில் டியூஷனுக்குக் கூட்டிப் போனது ஞாபகம் வந்தது. எவக்ரியுஸ் அதைப் பழைய நினைவு என்று சொல்லி அலைச்சல் கணக்கில்தான் சேர்த்திருப்பார். லூத்தர் என்ன சொல்லியிருப்பாரோ, நான் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தேன்.

இன்னும் ஃபோன் பண்ணவில்லை. இன்றைக்குக் காலையிலும் ஐந்தாவது விண்ணப்பம் வரைக்கும்தான் போனேன்.

அடுத்த வாரம் பெனடிக்ட்டின் விதிநூலில் சாப்பாடு: துறவிகளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ரொட்டி, எவ்வளவு திராட்சரசம் என்று அளந்து எழுதி வைத்த கதை.